மைக்ரான் வீட்டுச் சக்கு

அவள் போய்விட்டாள். லேத்து இருக்கிறது. முன்னறையில், நாற்காலி போட வேண்டிய இடத்தில், ஜன்னலை மறைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது.

அவள் வாழ்நாளில் புருஷனிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். "என் பெண்டாட்டி ஜாவை மாற்றிப் போடவில்லை." இதை அவர் நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

புருஷன் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவர். தெருவில் அவருக்குப் பெயர் மைக்ரான்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். காய்கறி வாங்கப் போனாலும் கத்தரிக்காயை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்ப்பார் என்று கேலி செய்வார்கள். அவருக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி. லேத்தில் இரும்பைப் பிடிக்கிற வட்டமான தலைக்குச் சக்கு என்று பெயர். அதில் மூன்று தாடைகள் இருக்கும். பட்டறைப் பேச்சில் ஜா. சாவியைப் போட்டுத் திருகினால் மூன்று ஜாவும் சேர்ந்து நகர்ந்து தண்டை நட்டநடுவில் கவ்வ வேண்டும். நடு தப்பினால், சுற்றும்போது தண்டு ஆடும். அந்த ஆட்டம்தான் அவுட். அளந்து காட்டுவது டயல்; கைக்கடிகாரம் மாதிரி முகம், ஒற்றை முள். முள் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு பாயிண்ட். மில்லிமீட்டரை நூறாகக் கிழித்தால் அதில் ஒன்று.

அந்த வீட்டில் இன்னொரு அவுட்டும் உண்டு. அவளுக்கு இடது பாதம் நசுங்கிப் போனது. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து எழுவாள்.

"ஏய் அவுட்டு, தண்ணி கொண்டா."

வந்தவர்கள் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவள் சொம்போடு வருவாள்.

"டயலே தேவையில்ல பாருங்க. கண்ணுக்கே தெரியுது. ஆறு பாயிண்ட் அடிக்கிறா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால் இதைவிடப் பெரிதாக ஒன்று வரும்.

மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்பது ஊருக்குச் சொன்ன கதை. குடியிருந்தது ஓட்டுவீடு. மாடிக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை.

நடந்தது இது. கல்யாணமான புதிது. அவர் பெரிய ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். வீட்டில் ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டிருந்தார். சக்கு இல்லாத லேத்து, தலை இல்லாத முண்டம். ஆலை ஸ்டோரில் ஒரே மாதிரி இரண்டு சக்குகள் உதிரியாகக் கிடந்தன. துருப் பிடிக்காமல் இருக்க இரண்டின் ஜாக்களையும் கழற்றி ஒரே எண்ணெய்த் தகரத்தில் ஊறப் போட்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொட்டை எழுத்தில் குத்தியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு அடுக்கின் அடித்தட்டில் வீட்டுக்கு வந்தது. எண்ணெய் வாசம் போக அந்தத் தட்டை அவள்தான் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

சக்கின் உடம்பு அடுக்கில் அடங்காது. ஆலைக்கு விடுமுறை நாளில் உபரி வேலை என்று உள்ளே போனார். பின்சுவருக்கு வெளியே அவளை வெயிலில் நிற்கச் சொல்லியிருந்தார். சக்கைக் கோணியில் கட்டிக் கயிற்றில் இறக்கினார். எண்ணெய்க் கை. கயிறு வழுக்கியது.

கோணி அவள் பாதத்தில் விழுந்தது.

"யாரது?" என்று உள்ளேயிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். அவள் தோளில் கிடந்த துணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? மைக்ரான் வாசல் வழியாகச் சாவகாசமாக வெளியே வந்து, சுவரைச் சுற்றி வந்து சேர்ந்தார். முதலில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு கோணியைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். அதற்கப்புறம்தான் அவள் காலைப் பார்த்தார்.

"நடந்துருவ இல்ல?" என்றார்.

நடந்தாள்.

சக்கைக் காணோம் என்று ஆலையில் விசாரணை வைத்தார்கள். வாட்ச்மேன் உள்ளதைச் சொன்னார். "சத்தம் கேட்டுச்சு சார். தேங்கா விழுந்துச்சுனு நெனச்சேன்." பின்சுவர்ப் பக்கம் தென்னை மரமே கிடையாது. திருட்டுக்கு உடந்தை என்று எழுதி அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் தேங்கா. கேன்டீனில் டீ கிளாசோடு நின்று அந்தப் பெயரை முதலில் வைத்தவர் மைக்ரான்தான்.

பிறகு ஆலை மூடியது. மைக்ரான் வீட்டு லேத்தில் சில்லறை வேலைகள் செய்தார்: கேட்டுக்குக் குமிழ், வண்டிக்கு அச்சு, மாவு மிஷினுக்கு, தண்டு உட்கார்ந்து சுற்றுகிற வளையமான புஷ். திருட்டுப் பட்டம் வாங்கிய வாட்ச்மேனுக்கு காவல் காக்க யாரும் வாசலைக் கொடுக்கவில்லை. அவர் சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளாக இவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். வேலை கொடுத்த புண்ணியவான் என்று மைக்ரானைக் கையெடுத்துக் கும்பிடுவார். உள்ளே வர மாட்டார். வாசலில் ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவள் டீ கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"காலு இன்னிக்கு எப்படி இருக்கு, தங்கச்சி?"

"இருக்குண்ணே."

"படிய எவன் கட்டினானோ. அவன் வெளங்குவானா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே பழைய கதைக்குப் போவார். "நானூத்திப் பதினேழு. அந்தச் சக்கோட நம்பர். என் பொண்டாட்டி பேரு மறந்தாலும் அது மறக்காது. எழுது எழுதுனு அத்தன தடவ எழுத வச்சாங்க. நான் அந்தச் சக்கக் கண்ணாலகூடப் பாத்ததில்ல, தெரியுமா?"

முன்னறையிலிருந்து மைக்ரான் குரல் வரும். "என்ன தேங்கா, மரம் வளந்துச்சா?"

வாட்ச்மேன் சிரிப்பார். எண் சக்கின் முதுகில் இருந்தது. அந்த முதுகு லேத்தோடு ஒட்டி மறைந்திருந்தது. வாளிக்கும் அதற்கும் நடுவில் ஒரு நிலைப்படிதான். அவள் காலி கிளாசை வாங்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து உள்ளே போவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குப் பம்பு முதலாளி வந்தார். பம்பு செய்கிறவர். மாதா மாதம் புஷ் வேண்டும், அவுட் மூன்று பாயிண்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்.

"மூணா? என் சக்கு ஒரு பாயிண்ட்ல நிக்கும் மொதலாளி," என்றார் மைக்ரான். அதுவரை அவர் அந்தச் சக்கில் டயல் வைத்ததே இல்லை. குமிழுக்கும் அச்சுக்கும் யார் டயல் வைப்பார்கள்?

முதலாளி வருகிறார் என்று முதல் நாள் ஜாக்களைக் கழற்றி அவளிடம் கொடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டச் சொல்லியிருந்தார். கழுவினாள். எண் பார்த்துப் பூட்டினாள். மறுநாள் முதலாளி முன்னால் தண்டைக் கவ்வவைத்து, டயலை நிறுத்தி, கையால் சுற்றினார். முள் ஆறு கோடு போய்த் திரும்பியது.

"என்ன மைக்ரான்? இது நிக்கல, டான்ஸ் ஆடுது."

மைக்ரான் காது சிவந்தது. ஒரு கணம்தான். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு மொதலாளி. இவ கழுவறேன்னு கழட்டி மாத்திப் போட்டுட்டா."

"நான் மாத்தலங்க. நம்பர் பாத்துத்தான் போட்டேன்."

"பாருங்க மொதலாளி, மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமாம். காலுதான் கோணல்னு நெனச்சேன். கை பட்டதெல்லாம் கோணல் ஆக்கிட்டா."

முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்; பழி, ஓரமாகத் தண்ணீர்ச் சொம்போடு நின்றவள் மேல்.

அன்று முதல் அது குடும்பக் கதை ஆயிற்று. கல்யாண வீடோ சாவு வீடோ, மைக்ரான் ஆரம்பித்துவிடுவார். "பெரிய ஆர்டரு. இவ ஒரு ஜாவ மாத்திப் போட்டா, என் பொழப்பே மாறிப் போச்சு." நாத்தனார், "ஏன் அண்ணி, தெரியாத வேலைல ஏன் கை வைக்கறீங்க?" என்பாள். வீட்டில் உப்பு கூடினாலும், கதவு தாழ் விழாவிட்டாலும், "ஜாவ மாத்துனவதான?" என்றொரு பேச்சு வரும். மற்ற எல்லாவற்றையும் அவள் விழுங்கினாள். காலை விழுங்கினாள், அவுட்டு என்ற பெயரை விழுங்கினாள். இது மட்டும் தொண்டையில் நின்றது. செய்யாத வேலைக்குப் பெயர் வாங்குவது என்றால் என்ன என்று வாசலில் ஒருவர் தினமும் டீ குடித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். அதனாலும் இருக்கலாம்.

மகள் படித்து, அளவுகள் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போனாள். விடுமுறையில் வந்தபோது டயலை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஜா மாத்திப் போட்டா மில்லிமீட்டர் கணக்குல அடிக்கும். ஆறு பாயிண்ட் அடிக்காது. இது அம்மா செஞ்சது இல்ல."

"ஆத்தாளும் மகளும் ஒரே அவுட்டு. சம்பளம் தரான்ல, அங்க போய் அள."

மகள் அதோடு விட்டாள். ஊருக்குத் திரும்ப வண்டி ஏற வேண்டியிருந்தது.

மைக்ரான் சக்கை விடவில்லை. ஒரு ஜாவின் அடியில் சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித் தாளை மடித்து வைத்துப் பார்த்தார், இறுக்கியதும் நசுங்கியது. பின்பக்க போல்டுகளைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் சக்கை இங்கே ஒரு தட்டு அங்கே ஒரு தட்டு தட்டி முறுக்கினார். ஒரு வேளை நின்றது, மறு வேளை ஆடியது. கடைசியில், ஜாக்களை லேத்திலேயே வைத்துச் சாணை பிடிப்பது என்று முடிவு செய்தார். கை கிரைண்டர் ஒன்றை உளி பிடிக்கிற டூல் போஸ்டில் கட்டி, சக்கைச் சுற்றவிட்டு, மூன்று ஜாவின் கவ்வும் முகங்களையும் ஒன்றாகத் தேய்ப்பது. ஜாக்கள் சும்மா தொங்கினால் பிரயோஜனமில்லை. வேலை செய்யும்போது எப்படி இறுகி நிற்குமோ அப்படியே நிற்க, உள்ளே ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்து இறுக்க வேண்டும். சாணைத் தூள் லேத்தின் பெட்டில், அதாவது அடித்தளத்தில், விழுந்தால் அது தேய்ந்துவிடும். ஈரத்துணி போட்டு மூட வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தொழில் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

"உன் போர்வையக் கொண்டா."

"குளுருக்குக் கால் சுத்தறது அது ஒன்னுதாங்க இருக்கு."

"காலு இனிமே நேராகவா போகுது? லேத்து பெட்டு போனா வருமா?"

போர்வையை நனைத்துப் பெட்டின் மேல் விரித்தார். அதற்குள் அவர் விரல்கள் மரத்துப் போகும் வயது வந்திருந்தது. சாணைக்கு முன்னால் ஜாக்களைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். கைக்குப் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் அவளிடம் கொடுத்தார். "இந்தத் தடவையாவது எண்ணிப் போடு."

அவள் புழக்கடையில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயும் இரும்பு பிரஷுமாக, வருஷக்கணக்கில் காய்ந்து இறுகிய கிரீசைத் தேய்த்தாள். ஜாவின் விலாப் பக்கத்தில், பெரிய எண்ணுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக வேறொரு எண் எழுந்து வந்தது. 417. அடுத்ததைத் தேய்த்தாள். 417. மூன்றாவதைத் தேய்த்தாள். 418.

ஈரக் கையோடு முன்னறைக்கு வந்து, மூன்றாவது ஜாவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது வேற சக்கோடது. தகரத்துலருந்து நீங்கதான் மாத்தி எடுத்துட்டு வந்திருக்கீங்க."

மைக்ரான் குனிந்து பார்க்கக்கூட இல்லை. "இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொதலாளி போன மறுநாளே தெரியும். கழட்டுனா தெரியாதா? நான் என்ன குருடா?"

"அப்ப ஏங்க என்னச் சொல்றீங்க?"

"வேற யாரச் சொல்றது?" என்றார். கோபமே இல்லை, நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வது போலச் சொன்னார். "வேற சக்கோட ஜான்னா எங்கருந்து வந்துச்சுனு கேப்பான். பொண்டாட்டி மாத்திட்டான்னா எவனாவது மேல கேக்கறானா?"

ஜாவை அவள் கையிலிருந்து வாங்கினார். கிரைண்டரைப் போட்டார். பொறி பறந்தது. 418 இருந்த இடம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. சூடு ஆறும்முன் அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்க, இப்பக் காட்டு நம்பர?"

அவள் அதைக் கீழே போடவில்லை. சக்குச் சாமான் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும்.

அவர் பூட்டினார், இறுக்கினார், தேய்த்தார். போர்வை சாணைத் தூள் குடித்துக் கறுத்தது. டயல் வைத்தபோது முள் ஒரு கோடுகூட முழுதாக நகரவில்லை. உண்மையிலேயே நல்ல வேலை. உடனே ஆள் அனுப்பிப் பம்பு முதலாளியை வரவழைத்தார். தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார்.

முதலாளி தலை நரைத்து வந்தார். பையிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். கவ்வியது, சுற்றியது, முள் அசையவில்லை.

"அட, இப்பத்தான்யா நீ மைக்ரான்!"

மைக்ரான் வாயெல்லாம் பல். வாட்ச்மேன் மாவு மிஷினுக்குக் கொடுக்க வேண்டிய சாமான் பையோடு வாசலில் வந்து நின்று, அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தார். அவள் சொம்போடு சமையலறை வாசலில் நின்றாள்.

முதலாளி பையில் மறுபடி கையை விட்டார். "இது பெரிய சைசு. ரெண்டும் சேந்துதான் ஆர்டரு."

சாணை எந்த அளவில் பிடித்ததோ அந்த அளவுக்குத்தான் அந்தச் சக்கு சரி. வேறு சக்கின் ஜா இந்தச் சக்கின் பள்ளத்தில் தளர்ந்துதான் உட்காரும். பெரிய புஷ்ஷுக்கு ஜாக்கள் விலகின. முள் ஐந்து கோடு போய்த் திரும்பியது. மைக்ரான் சாவியைத் தளர்த்தி இறுக்கினார். ஐந்து. புஷ்ஷைத் திருப்பிப் போட்டார். ஐந்தரை.

முதலாளி கைக்குட்டையால் விரல்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு இவ மாத்திப் போட்டது மொதலாளி," என்றார் மைக்ரான். "அன்னிக்கே கெட்டுப் போச்சு. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். கட்டுனது சரியில்லனா எவ்ளோ தேச்சாலும் அவ்ளோதான்."

முதலாளி அவளைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானார். வாட்ச்மேன்கூட, முதலாளி சிரித்தால் சிரிக்கலாம் என்று உதட்டை வைத்திருந்தார்.

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். வாசலில் நிற்பவர் யார் என்று தெரிந்துதான் வாயைத் திறந்தாள். சொன்னால் தன் பெயர் கழுவப்படும், தன் கழுத்தும் சிக்கும். சொம்பைக் கீழே வைத்தாள்.

"அந்த மூணு ஜாவையும் கழட்டிப் பாருங்க மொதலாளி. ரெண்டுல நானூத்திப் பதினேழுனு இருக்கும். மூணாவதுல ஒன்னும் இருக்காது, தேச்ச தடம் பளபளனு இருக்கும். அதுல பதினெட்டு இருந்துச்சு. அது வேற சக்கோடது. நான் மாத்தல. இந்த வீட்டுக்கு வந்தப்பவே அப்படித்தான் வந்துச்சு."

"ஏய்!" என்றார் மைக்ரான்.

முதலாளிக்குப் பாதிதான் புரிந்தது. வாசலில் பை கீழே விழுந்தது. புஷ்கள் உருண்டன. வாட்ச்மேன் முதல் தடவையாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"நானூத்திப் பதினேழா?"

"தேங்கா, நீ வெளிய இரு," என்றார் மைக்ரான்.

வாட்ச்மேன் அவர் பக்கமே திரும்பவில்லை. சக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்த இரும்பு. பிறகு மெதுவாகக் குனிந்து அவள் இடது பாதத்தைப் பார்த்தார். தினமும் விசாரித்த கால்தான்.

"மாடிப்படி இல்லயா, தங்கச்சி?"

"இல்லண்ணே."

"செவுத்துக்கு அந்தப் பக்கமா?"

"ஆமாண்ணே."

"அந்தச் சத்தம்..."

"நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். நியாயமான ஆள். முதலில் முதலாளி பக்கம் திரும்பி, விசாரணையில் நிற்பது போலக் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மொதலாளி, இந்தம்மா ஜாவ மாத்தல."

நாலு பேர் முன்னால், சத்தமாக, அந்த வாக்கியம். அவளுக்குக் கண் நிறைந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அன்னிக்கு நான் யாரதுனு கேட்டேனே, தங்கச்சி," என்றார். "ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

முதலாளி இரண்டு புஷ்ஷையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடிப் போனார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய் டீ போட்டாள், வாட்ச்மேனுக்குப் பிடிக்கும் என்று சர்க்கரை கூடவே போட்டு. கிளாசோடு சாய்ந்து சாய்ந்து வாசலுக்கு வந்தபோது சைக்கிள் இல்லை. புஷ்கள் மண்ணில் கிடந்தன. வாளி கவிழ்ந்தபடி இருந்தது.

அந்த வாளியின் மேல் அவள் உட்கார்ந்தாள். அவருடைய டீயை அவளே குடிக்க ஆரம்பித்தாள்.

முன்னறையில் சாவி திருகும் சத்தம் கேட்டது. டயலை ஒட்டவைக்கும் சத்தம். பிறகு குரல்.

"பெரிய சைசுக்கும் ஒரு தேப்பு தேச்சுப் பாத்துரலாம். ஏய் அவுட்டு, அந்தப் போர்வைய நனச்சுக் கொண்டா."